லடாக் கேட்பதும் ஜவ்வாது மலை கேட்காததும்

கம்மவான்பேட்டையான் எழுதியது:

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "லடாக்காரன் தனி நாடு கேட்கிறான்" என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர் இது. லடாக்கின் லேயிலும் திராஸிலும் குளிர்காலம் கழித்தவர்களே இப்படிப் பேசுவதைக் கேட்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2019 அக்டோபர் 31 அன்று லடாக் தனி யூனியன் பிரதேசம் ஆனது. லேயில் கொண்டாட்டம், கார்கிலில் எதிர்ப்பு. அதுவரை ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் லடாக்குக்கு நான்கு எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள். இப்போது ஒருவரும் இல்லை. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் உண்டு, லடாக்குக்குக் கிடையாது. துணைநிலை ஆளுநரும் அதிகாரிகளும்தான் ஆட்சி. மக்கள் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்புவது ஒரே ஓர் எம்.பி. லேயில் 1995 முதலும் கார்கிலில் 2003 முதலும் மலை வளர்ச்சி மன்றங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முப்பது உறுப்பினர்கள், அவர்களில் 26 பேர் தேர்தலில் வென்று வருபவர்கள். ஆனால் நிலம் பற்றியோ வேலைவாய்ப்பு பற்றியோ சட்டம் இயற்ற அந்த மன்றங்களுக்கு அதிகாரம் இல்லை.

அவர்களுடைய கோரிக்கைகள் நான்கு: மாநில அந்தஸ்து, அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு, தனித் தேர்வாணையம், லேக்கும் கார்கிலுக்கும் தனித்தனி எம்.பி. இதில் தனி நாடு எங்கே இருக்கிறது? இந்தியாவின் அரசியலமைப்புப் புத்தகத்தில் உள்ள ஓர் அட்டவணையைத்தானே கேட்கிறார்கள்! இன்னொன்று. 1989இல் லே பௌத்தர்கள் முஸ்லிம்களைச் சமூகப் புறக்கணிப்பு செய்த பகுதி அது. இன்று லே பௌத்தர்களும் கார்கில் ஷியாக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடுகிறார்கள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்?

2025 செப்டம்பர் 24 அன்று லேயில் போராட்டம் வன்முறையாகி, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கார்கில் போரில் சண்டையிட்ட முன்னாள் படைவீரர். அதைப் படித்த பிறகும் டீக்கடையில் "தேசத்துரோகி" என்கிற சொல் எப்படித்தான் வாயில் வருகிறதோ!

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

ஐயா, உங்கள் சேவைக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பில் லடாக்கின் மக்கள்தொகை 2.74 லட்சம். பிரிக்கப்படாத நம் வேலூர் மாவட்டத்தில் 39 லட்சம் பேர். மூன்று லட்சம் பேர்கூட இல்லாத இடத்துக்கு முழு மாநிலமா? முதலமைச்சர், அமைச்சர்கள், தலைமைச் செயலகம், இத்தனை செலவையும் யார் ஏற்பது? ஒருபுறம் சீனா, மறுபுறம் பாகிஸ்தான். சீனாவோடு கல்வான் மோதல் நடந்து எத்தனை ஆண்டு ஆகிறது?

மத்திய அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியல்ல. 2025 ஜூனில் வந்த விதிகளில் உள்ளூர் மக்களுக்கு வேலையில் 85 சதவீத இட ஒதுக்கீடு, மலை மன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, உள்ளூர் மொழிகளான போட்டி (Bhoti), புர்கி உள்ளிட்ட ஐந்து ஆட்சிமொழிகள் எல்லாம் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் ஐந்து புதிய மாவட்டங்களையும் அறிவித்தார்கள். இன்னும் என்னதான் வேண்டும்?

பாலாற்றங்கரை எழுதியது:

நிலம்.

தம்பி சொன்ன பட்டியலில் அது ஒன்றுதான் இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது.

கம்மவான்பேட்டையான் எழுதியது:

பாலாற்றங்கரை அண்ணன் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நீட்டுகிறேன்.

காட்பாடித் தம்பி, தலையை மட்டும் எண்ணினால் உங்கள் வாதம் சரி. பரப்பையும் பாருங்கள். நம் பழைய மாவட்டம் ஏறக்குறைய ஆறாயிரம் சதுர கிலோமீட்டர், லடாக் 59,000க்கும் மேல். நம் மாவட்டம் போல் கிட்டத்தட்ட பத்து. குளிர்காலத்தில் ஸோஜி லா கணவாயில் பனி மூடிவிட்டால் ஸ்ரீநகர் பக்கத்து வழி அடைபடும். அதனால் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து என்று கோடை முடிவதற்குள் ஏற்றி அடுக்கிவிட வேண்டும். பட்டாளத்துக்கு இருப்பு வைப்பதற்கு ஒரு பெரிய ஏற்பாடே உண்டு. பக்கத்து கிராமத்துக் கிழவிக்கு யார் வைப்பது? நாங்கள் புகாரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்தோம், ஒரு முட்டையை உடைக்கச் சுத்தியல் தேடினோம். அதையெல்லாம் ஊருக்கு வந்து வீரக்கதையாகவும் சொன்னோம். அங்கேயே பிறந்தவர்களுக்கு அது கதை இல்லை, மாதக்கணக்கில் நீளும் குடித்தனம்.

குழாய் நீர் உறைந்துவிடும். ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கில் ஆறு உறைந்தால் அந்தப் பனிக்கட்டியே பாதை. படிப்பதற்காக வெளியூர் போகும் பிள்ளைகள் அதன்மேல் நடந்துதான் போவார்கள். இப்போது சாலை போடுகிறார்கள், சுரங்கம் குடைகிறார்கள், நல்ல விஷயம். நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் அந்தச் சாலையில் முதலில் வருவது யார், எதற்காக வருகிறார்கள், அவர்களுக்கு எந்தக் காட்டை எழுதிக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் லடாக்காரர் ஒருவரும் இல்லை என்பதுதான் அவர்கள் சொல்வது. எல்லைப்புறம் என்பதால் அதிகாரம் தரக்கூடாது என்கிறீர்கள். எல்லைப்புறத்தில் ராணுவத்துக்கு முதல் தகவல் கொடுப்பவன் ஆடு மேய்ப்பவன்தான். 1999இல் கார்கிலில் அதுதான் நடந்தது. அவனைக் கோபப்படுத்திவிட்டு எந்த எல்லையைக் காப்பது?

ஆலங்காயம் டீச்சர் எழுதியது:

நல்ல இழை. ஆனால் எல்லோரும் இமயமலை வரை போய்விட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பார்க்காமல் பேசுகிறீர்களே. நான் ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பணிபுரிகிறேன். அரசு ஊழியர் என்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

எங்கள் மலை ஒரே மலை. வாழ்பவர்கள் பெரும்பாலும் ஒரே பழங்குடி. சாமையும் கேழ்வரகும் பயிர், புளியும் தேனும் கடுக்காயும் கைச்செலவுக்கு. வட ஆற்காடு மாவட்டமாக இருந்தவரை மலை முழுவதும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபோது ஜமுனாமரத்தூர் பக்கம் அங்கே போனது. 2019இல் திருப்பத்தூர் பிரிந்தபோது புதூர்நாடு பக்கம் அங்கே போனது. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகள் வேலூரில் தங்கிவிட்டன. ஒரு மலைக்கு மூன்று கலெக்டர்கள், மூன்று மாவட்ட வன அலுவலர்கள். மாமியார் வீடு ஒரு மாவட்டம், தாய்வீடு வேறு மாவட்டம். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க எந்த வட்டாட்சியரிடம் போவது என்பதில் ஒரு பருவமே போய்விடும்.

இதைவிட விசித்திரம் ஒன்று சொல்கிறேன். திருவண்ணாமலையில் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டையில் மாவட்டப் பிரிவினையால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் நடந்தது. ஆகவே 2025 ஜனவரியில் மலையின் ஒரு சரிவில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார், மறு சரிவில் தலைவர் அதே நாற்காலியில் தொடர்ந்தார். நடுவில் இருப்பது ஓர் ஓடை.

லடாக்குக்குக் கேட்பதற்கு லேயில் ஒன்று, கார்கிலில் ஒன்று என்று இரண்டு போராட்ட அமைப்புகளாவது இருக்கின்றன. இங்கே மூன்று மாவட்டத்து மலைக்காரர்கள் சேர்ந்து உட்கார ஒரு திண்ணைகூட இல்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஜவ்வாது மலை வாக்குகள் அணைக்கட்டு, கலசப்பாக்கம், திருப்பத்தூர் என்று சிதறிக் கிடக்கின்றன. எந்தத் தொகுதியிலும் மலைக்காரர் ஓட்டு மட்டும் சேர்ந்து யாரையும் ஜெயிக்கவும் வைக்காது, தோற்கவும் வைக்காது.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

டீச்சர் எழுதியதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஏனென்றால் ஆறாவது அட்டவணை என்றால் என்னவென்று யாரும் இங்கே விளக்கவில்லை.

ஆறாவது அட்டவணை இன்று அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்கு உண்டு. அங்குள்ள தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் நிலம், காடு, கிராம நிர்வாகம் பற்றிச் சட்டம் இயற்றலாம், சில வரிகள் விதிக்கலாம். லடாக் மக்கள்தொகையில் 97 சதவீதத்துக்கு மேல் பழங்குடியினர். தேசியப் பழங்குடியினர் ஆணையமே 2019 செப்டம்பரில் லடாக்கை இந்த அட்டவணைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. ஆக, கோரிக்கை தெருவில் முளைத்தது அல்ல. அரசியலமைப்பு அமைப்பு ஒன்று எழுதிக் கொடுத்தது, டெல்லி இன்னும் செய்யவில்லை.

நமக்கு வாருங்கள். மற்ற மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்காக ஐந்தாவது அட்டவணை இருக்கிறது. ஆந்திரா, தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட் எனப் பத்து மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை எதுவும் இல்லை. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தர 1996இல் வந்த பெசா சட்டமும் நமக்குப் பொருந்தாது. கிராம சபையைக் கேட்காமல் நிலத்தைத் தொடக்கூடாது என்கிற அந்தப் பாதுகாப்பு ஆந்திர எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே இல்லை.

நமக்கு இருப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மட்டும்தான். அதற்கும் நடந்ததைப் பாருங்கள். 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்கல் முடங்கியது. 2016இல் உச்சநீதிமன்றத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. மற்ற மாநிலங்கள் பட்டா கொடுத்துக்கொண்டிருந்த எட்டு ஆண்டுகள் நமக்கு வெறுமனே கழிந்தன.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

வக்கீல் சார், இந்த ஐந்தாவது அட்டவணை விஷயம் உண்மையிலேயே எனக்குப் புதிது. இருந்தாலும் அட்டவணை கிடைத்த மாநிலங்களில் பழங்குடியினர் என்ன செழித்துவிட்டார்களா? ஜார்க்கண்டில் சுரங்கம் தோண்டாமல் விட்டார்களா? தாளில் இருக்கும் உரிமைக்கும் சோற்றுக்கும் இடையே ரொம்ப தூரம். மலைக்காரர்களுக்கு வேண்டியது சாலையும் ஆஸ்பத்திரியும். அதைக் கொடுத்தால் போதும்.

புதூர்நாட்டான் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் மலைக்காரன், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. "மலைக்காரர்களுக்கு வேண்டியது" என்று காட்பாடி அண்ணன் ஆரம்பித்ததால் எழுதுகிறேன்.

சாலை வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் டோலி கட்டித் தூக்குவதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். நான் தூக்கியிருக்கிறேன். நீளமான மூங்கில் கழியில் கம்பளியைத் தூளிபோல் கட்டுவோம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தோள் மாற்ற நாலைந்து பேர் கூடவே நடப்பார்கள். சரிவில் இறங்கும்போது முன்னால் இருப்பவன் தோளில்தான் மொத்தப் பாரமும் இறங்கும், அதனால் உயரமானவனைப் பின்னால் விடமாட்டோம். ராத்திரி என்றால் ஒருவன் செல்போன் விளக்கைக் காலடிக்கு மட்டும் காட்டுவான், முகத்துக்குக் காட்டினால் தூக்குபவனுக்குக் கண் கூசும். கர்ப்பிணி என்றால் பெண்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே வந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து வரும்போது ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட, அந்தத் தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். படம் நாடெங்கும் போனது. அதன் பிறகுதான் சாலைப் பேச்சு வேகம் பிடித்தது. வாணியம்பாடி பக்கத்து நெக்னாமலையில் ஊர்க்காரர்களே மண்வெட்டி எடுத்துப் பாதை போட்டார்கள். அரசாங்கம் வருவதற்கு ஒரு குழந்தையின் சாவு தேவைப்படுகிறது, அல்லது நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி எது என்றுதான் கேட்கிறேன்.

சாலை வந்தால் மட்டும் போதும் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். செம்மரம் வெட்ட எங்கள் ஆட்களைக் கூட்டிப்போன புரோக்கர் சாலை உள்ள ஊருக்குத்தான் முதலில் வந்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 தமிழர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். மலையில் சாமை விளைந்தால் கீழே இருந்து வருபவன் சொல்வதுதான் விலை. புளியை நாங்கள் உலுக்கி, ஓடெடுத்து, கொட்டை நீக்கிக் கொடுத்தால் ஒரு விலை, அப்படியே கொடுத்தால் ஒரு விலை. இரண்டும் எங்கள் வாயிலிருந்து வரும் விலை இல்லை. நிலத்துக்குப் பட்டா இல்லாதவனுக்குப் பயிர்க்கடன் இல்லை, கடன் இல்லாதவனிடம் முன்பணம் காட்டி அழைப்பவன் யாராக இருந்தாலும் அவன் பின்னால் போகத்தான் செய்வான். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறவர்களும் அப்படித்தான் போகிறார்கள்.

தாளில் இருக்கும் உரிமைக்கும் சோற்றுக்கும் தூரம் என்கிறீர்கள். எங்களுக்கு அந்தத் தாள்தான் சோறு, அண்ணா.

நெறியாளர்:

நடுவில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 2015 சம்பவத்தில் இறந்தவர்களைத் திருடர்கள் என்று எழுதுவது இங்கே நடக்காது. மற்றபடி தொடருங்கள். கட்சிப் பெயர்கள் வேண்டாம்.

பாலாற்றங்கரை எழுதியது:

நான் நிலம் என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போனது அரைகுறையாக நிற்கிறது.

லடாக்கில் பாங் என்னும் இடத்தில் 13 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திட்டம். அதன் மின்தடத்துக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 20,773 கோடி ரூபாய். மின்சாரம் ஹரியானாவின் கைத்தல் வரை போகும். அந்த மேட்டில் பஷ்மீனா ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் இருக்கிறார்கள். வெளியே இருப்பவர் கண்ணுக்கு அது புல் முளைக்காத தரிசு. சாங்பாவுக்கு அது எந்த மாதத்தில் எந்தச் சரிவு என்று பாட்டன் காலத்திலிருந்து கணக்குப் போட்டு வைத்திருக்கும் மேய்ச்சல். சூரிய மின்சாரம் நல்லதுதான், நானும் என் மோட்டாருக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் தரிசு என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது?

லடாக் கிராமங்களில் பனி உருகி வரும் வாய்க்கால் நீரை வயலுக்கு வயல் முறைவைத்து விட "சுர்பொன்" என்றொருவரை ஊரே நியமிக்கும். நம் ஏரிகளில் தண்ணீர் திறந்துவிட நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்ததுபோல. அங்கே அந்த ஏற்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கே பாலாற்றில் தண்ணீரும் போய், ஏரி மடையும் தூர்ந்து, நீர்க்கட்டியின் பேரன் தோல் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். எங்களைப் பார்த்தாவது அவர்கள் விழித்துக்கொள்ளட்டும்.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

மாநில அந்தஸ்து விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. நிலத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு கேள்வி. வன உரிமைச் சட்டத்தில் சாலை போட வழி இருக்கிறது என்று எங்கோ படித்தேன். பிறகு ஏன் அல்லேரிக்கு அத்தனை இழுபறி?

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

வழி இருக்கிறது. பிரிவு 3(2). பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை என்று பதின்மூன்று வகை அரசு வசதிகளுக்கு வனநிலத்தைக் கொடுக்கலாம். மத்திய அரசு வரை கோப்பு போக வேண்டாம். கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், ரேஞ்சர் இடத்தைப் பார்த்து அறிக்கை அனுப்புவார், மாவட்ட வன அலுவலர் அனுமதிப்பார். அவர் மறுத்தால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்யும்.

நிபந்தனைகள் இரண்டு. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் சுமார் 3.3 கிலோமீட்டரில் ஹெக்டேர் தீர்ந்துவிடும். அடிவாரத்துக்குப் பக்கத்துச் சிற்றூருக்கு இது போதும். மலைமேல் ஏறும் நீண்ட சாலைக்குப் போதாது. அங்கே 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். மாற்று நிலம், காடு வளர்ப்புக்கான பணம் எல்லாம் கட்டி, கோப்பு மேலே போய்த் திரும்ப வேண்டும். ஏற்கெனவே மக்கள் நடக்கும் மண்பாதை இருந்தாலும் பதிவேட்டில் காப்புக்காடு என்றால் அது காப்புக்காடுதான். வனத்துறையை மட்டும் திட்டிப் பயனில்லை. காட்டைச் சகட்டுமேனிக்கு வெட்டச் சொல்லவும் நான் தயாரில்லை. 2022 ஏப்ரலில் புதூர்நாடு அருகே கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தடுப்புச்சுவர் இல்லாமல் அவசரத்துக்குப் போடும் மலைச்சாலையும் ஆளைக் கொல்லும்.

ஆலங்காயம் டீச்சர் எழுதியது:

வக்கீல் சார், எங்கள் ஊர்களில் இந்த 3(2) பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கிராம சபை என்றால் வரவு செலவு வாசித்து, நோட்டில் கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்புவது என்றுதான் பழகியிருக்கிறது. தீர்மானத்தில் என்ன எழுதினால் செல்லும் என்று சொல்வீர்களா? தனி அலுவலர் இருக்கும் ஊராட்சியில் எப்படி?

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

வசதியின் பெயர், சர்வே எண், எத்தனை ஹெக்டேர், எத்தனை மரம், எந்தத் துறை அதைக் கட்டி நிர்வகிக்கப் போகிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். "சாலை வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் அது மனு, 3(2)க்கு ஆகாது. "பிரிவு 3(2)இன் கீழ் இந்தக் கிராம சபை பரிந்துரைக்கிறது" என்று இருக்க வேண்டும். சபைக்கு வந்தவர்கள் மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையக்கூடாது, வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். 2012இல் திருத்திய விதி அது. இதில் ஒன்று குறைந்தாலும் கோப்பைத் திருப்பிவிடுவார்கள். தனி அலுவலர் இருந்தாலும் சபை மக்களுடையதுதான், தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் அவர் விட முடியாது.

கம்மவான்பேட்டையான் எழுதியது:

லடாக்கில் தொடங்கி சர்வே எண்ணுக்கு வந்துவிட்டோம். எனக்கு வருத்தமில்லை. எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் டைப் அடிக்கத் தெரிந்த மூன்று பேர் சும்மா இருக்கிறார்கள். ஆங்கிலக் கடிதப் போக்குவரத்து அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டீச்சர், எந்தச் சிற்றூர் என்று மட்டும் சொல்லுங்கள்.

புதூர்நாட்டான் எழுதியது:

ஐயா, முதலில் வேலூர்ப் பக்கத்து மூன்று ஊராட்சிகளில் தொடங்கலாம். எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்துக்கு நான் ஆள் சேர்க்கிறேன். திருவண்ணாமலைப் பக்கம் யாராவது இந்த இழையில் இருக்கிறீர்களா? ஜமுனாமரத்தூர்க்காரர்கள் ஒருவர்கூட இதுவரை எழுதவில்லை.